மோரும் கஞ்சியும்

எங்கள் வீட்டு ஹாலுக்கு இரண்டு வெள்ளைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க எனக்குப் பதினெட்டு நாள் ஆனது. கடையில் கொடுத்த ஷேடு கார்டில் இரண்டுக்கும் நீளமான ஆங்கிலப் பெயர்கள் இருந்தன, வீட்டில் யார் வாயிலும் அவை நுழையவில்லை. அம்மாதான் கார்டை ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது நீர்மோர், இது புழுங்கலரிசிக் கஞ்சி" என்றாள். அன்றிலிருந்து அதுதான் பெயர். பெயிண்டர் மேஸ்திரிகூட போனில் "அக்கா, மோரா கஞ்சியா, முடிவு பண்ணிட்டீங்களா?" என்றுதான் கேட்பார்.

மோர் என்றால், கடைந்து வைத்த மோர் கொஞ்ச நேரம் நின்ற பிறகு மேலே தெளிந்து நிற்குமே, அந்த நிறம். வெள்ளைதான், ஆனால் ஓரத்தில் பச்சை ஓடுகிறதா நீலம் ஓடுகிறதா என்று சொல்ல முடியாது. கஞ்சியும் வெள்ளைதான், ஆனால் ஒரு சொட்டு செம்மண் விழுந்து கலங்கின மாதிரி அடியில் ஒரு சூடு. தனித்தனியாகக் காட்டினால் எது எது என்று நானே சொல்லமாட்டேன். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மட்டும்தான் இரண்டும் பிரியும். இதற்குப் போய் இத்தனை நாளா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். சுவரை அடுத்த ஏழெட்டு வருஷம் தினமும் பார்க்கப்போவது நாம்தான், அதிலும் அம்மா நாள் முழுக்க அந்த ஹாலில்தான் இருக்கிறாள் என்று சொன்னேன். அப்புறம் அவர் கேட்கவில்லை.

வீடு கடலூர் மஞ்சக்குப்பத்தில். 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறியதே, அந்த இரவு பெய்த மழையில் மேற்குச் சுவர் முழுக்க ஓதம் ஏறிவிட்டது. பழைய பெயிண்ட் கொப்பளம் கொப்பளமாகக் கிளம்பி, விரலால் தொட்டால் அப்பளம் மாதிரி உதிர்ந்தது. எனக்குத் தெரிந்து முதல் தடவையாக அந்தப் பொங்கலுக்கு எங்கள் வீட்டில் எந்தச் சுவருக்கும் வெள்ளையடிக்கவில்லை. மேஸ்திரி வந்து பார்த்துவிட்டு, "ஈரத்து மேல பட்டி வெச்சா ஆறு மாசத்துல மறுபடி இதே கதைதான்க்கா, சித்திரை வெயில் ஏறட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். நல்ல மனுஷர், வந்த வேலையை வேண்டாமென்று சொல்ல யாருக்கு மனசு வரும். சுவர் காய்ந்ததா என்று பார்க்க அவர் சொன்ன வழியும் எளிது: ஒரு முழத்துக்கு பாலிதீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விட வேண்டும், உள்பக்கம் வியர்த்திருந்தால் இன்னும் காயவில்லை. பங்குனி கடைசி வரை எங்கள் தாள் வியர்த்துக்கொண்டேதான் இருந்தது.

அந்த மாதங்களில்தான் நான் கலரைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தேன். எனக்கு மோர்தான் வேண்டும் என்று முதலிலேயே மனசில் விழுந்துவிட்டது. அதற்குக் காரணம் அப்பா.

அப்பா இருந்தவரை எங்கள் வீட்டுக்குப் பெயிண்டர் வந்ததே இல்லை. மார்கழி பாதியிலேயே கிளிஞ்சல் சுண்ணாம்பு வாங்கி வந்து பழைய டிரம்மில் தண்ணீர் விட்டுத் தாளிப்பார். அது கொதிக்கும்போது பக்கத்தில் போகக் கூடாது, நாங்கள் திண்ணையில் நின்று பார்ப்போம். ஆறியதும் பழைய வேட்டியில் வடிகட்டி, கொஞ்சம் வஜ்ஜிரப் பசை காய்ச்சி ஊற்றி, கடைசியில் துணிக்குப் போடுகிற நீலத்தைச் சிறு முடிச்சாகக் கட்டி அதில் அலசுவார். மட்டையை நனைத்து அடிக்கும்போது சுவரில் வெறும் தண்ணீர் மாதிரிதான் தெரியும், "என்னப்பா ஒண்ணுமே பிடிக்கல" என்போம். மதியம் காய்ந்ததும் சுவர் கண்ணைப் பறிக்கும். வெள்ளைக்கு எதற்கு நீலம் என்று ஒரு தடவை கேட்டேன். "சுண்ணாம்புல ஒரு பழுப்பு இருக்கு பாப்பா. மேல மேல சுண்ணாம்பைப் பூசினாலும் அந்தப் பழுப்பு போகாது. அதுக்கு எதிரி நீலம். துளி போட்டா ரெண்டும் சேர்ந்து ஒழிஞ்சிடும், வெள்ளை மட்டும் நிக்கும்" என்றார். அப்பா படித்தது எட்டாவது. அவர் சொன்னது முழுக்க சரி என்று ரொம்ப வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. ஆனால் அந்தப் பதினெட்டு நாளில் பாதி வரைக்கும் நான் அவர் சொன்னதைத் தப்பாகவே புரிந்துவைத்திருந்தேன். நீலம் ஓடின வெள்ளைதான் நல்ல வெள்ளை என்று நினைத்தேன்.

கஞ்சி எங்கிருந்து வந்தது என்றால், புதுச்சேரியில் அக்கா வீட்டிலிருந்து. முத்தியால்பேட்டையில் நடுவில் முற்றம் வைத்த பழைய வீடு அவளுடையது, சிவப்பு சிமெண்ட் தரை, தேய்த்துத் தேய்த்து முகம் தெரிகிற தரை. அங்கே கூடத்துச் சுவர் சாயங்காலம் நாலு மணிக்கு அப்படியே இளஞ்சூட்டோடு இருக்கும், அங்கே உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது. "இதே கலர் நம்பர் சொல்லிக் கேளு" என்று டப்பா மூடியில் இருந்த ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பினாள். கடலூருக்கு வந்து அதே நம்பரைக் கார்டில் பார்த்தால் நம்பவே முடியவில்லை. அவள் வீட்டில் பார்த்த நிறத்தில் கால்வாசிகூட இதில் இல்லை, ஏதோ அழுக்கு வெள்ளை மாதிரி இருந்தது.

இது கார்டின் குற்றமில்லை. தீப்பெட்டி அளவு கட்டத்தில் பார்க்கிற வெளிர் நிறம் நாலு சுவரிலும் ஏறும்போது ஒரு சுவரின் நிறம் எதிர்ச்சுவரில் பட்டு, அது திரும்ப இதில் பட்டு, தன் மேலேயே தான் சாயம் ஏற்றிக்கொள்ளும். அதோடு தரை. வெயில் முதலில் விழுவது தரையில்தான், அங்கிருந்துதான் சுவருக்கு ஏறுகிறது. அக்கா வீட்டுச் சிவப்புத் தரை நாள் முழுக்கச் சுவருக்குச் சிவப்பை ஊற்றிக்கொண்டே இருக்கிறது. எங்கள் ஹாலில் வெள்ளை டைல்ஸ், அது எதையும் ஊற்றாது, வெளியிலிருந்து வருவதை அப்படியே திருப்பிவிடும். வெளியிலிருந்து என்ன வருகிறது என்பதை நான் அப்போது யோசிக்கவில்லை.

சரி, கார்டை நம்பக் கூடாது என்று இரண்டிலும் சின்ன டப்பா கலக்கச் சொல்லி வாங்கினேன். கடையில் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டு நின்றது நல்லதாகப் போயிற்று. ஒரு லிட்டர் வெள்ளை பேஸில் மோருக்கு விழுந்தது மஞ்சள் கொஞ்சம், பச்சை இழை மாதிரி, கருப்பு ஒரு பொட்டு. கஞ்சிக்கு மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கருப்பு. எல்லாமே துளித்துளிதான். இரண்டு வெள்ளைக்கும் நடுவில் இருந்த வித்தியாசமெல்லாம், மோரில் பச்சை விழுந்த இடத்தில் கஞ்சியில் விழுந்த அந்த ஒரு துளி சிவப்புதான். அதைப் பார்த்த பிறகு எனக்குக் கேள்வி கொஞ்சம் தெளிவானது: எங்கள் ஹாலுக்கு அந்தத் துளி சிவப்பு வேண்டுமா வேண்டாமா, அவ்வளவுதான்.

முதல் தப்பு, அதைச் சுவரிலேயே அடித்துப் பார்த்தது. பழைய சுவர் இளம்பச்சை. அதன் நடுவில் இரண்டு சதுரம் அடித்தால், கஞ்சி ரோஜாப்பூ மாதிரி சிவந்து தெரிந்தது, மோர் பளிச்சென்று தும்பைப்பூவாக நின்றது. நான் அன்றைக்கே மோர் என்று முடிவு கட்டிவிட்டேன். மேஸ்திரிதான், "பக்கத்துல பச்சை இருக்கறவரைக்கும் எதையும் நம்பாதீங்க" என்றார். பிரெஞ்சுக்காரர் ஒருவரின் கதை இதற்குச் சரியாகப் பொருந்தும். பாரிஸில் கோப்லான் நெசவுச்சாலையின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர். கருப்பு நூலுக்குச் சாயம் சரியாக ஏறவில்லை, வெளிறித் தெரிகிறது என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சோதித்துப் பார்த்தால் சாயத்தில் ஒரு குறையும் இல்லை, பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கருப்பைக் கெடுத்துக் காட்டின. ஒவ்வொரு நிறமும் தன் எதிர்நிறத்தைப் பக்கத்து நிறத்தின் மேல் ஏற்றிக் காட்டும் என்று 1839இல் புத்தகமே எழுதினார். நம் வீட்டுப் பெண்கள் ரவிக்கைத் துணி எடுக்கப் போகும்போது புடவையைக் கையோடு கொண்டுபோவது இதற்குத்தான்.

அதனால் இரண்டடிக்கு இரண்டடி பிளைவுட் பலகை இரண்டு வாங்கி, பிரைமர் அடித்து, இரண்டு கோட் ஏற்றி, ஓரம் நாலு பக்கமும் ஒரு அங்குலம் வெள்ளையாகவே விட்டேன். ஒரு ராத்திரி முழுக்கக் காய விட்டேன், ஏனென்றால் எமல்ஷன் ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். இது ஒன்றைச் செய்தால் போதும், பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். பலகையைத் தூக்கிக்கொண்டு போய் ஒவ்வொரு சுவராகச் சாய்த்து வைத்துப் பார்க்கலாம், டிவிக்குப் பின்னால், ஸ்விட்ச் போர்டு பக்கத்தில், தேக்கு நிலைக்கு ஒட்டினாற்போல். போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன், "ரெண்டும் ஒண்ணுதானேடி" என்று பதில் வந்தது. போன் கேமரா வெள்ளையைப் பார்த்தாலே அதைத் தானாகச் சரிசெய்துவிடும், நாம் தேடுகிற அந்தத் துளி வித்தியாசத்தைத்தான் அது முதலில் துடைத்துப் போடும். போட்டோவை வைத்து வெள்ளை தேர்ந்தெடுக்க நினைப்பவர்கள் தயவுசெய்து நேரில் பாருங்கள்.

பலகை வைத்த மூன்றாம் நாள்தான் எனக்குக் கண் திறந்தது. காலை பத்தரை மணி. மோர்ப் பலகை பச்சையாக இருந்தது. லேசாக இல்லை, நன்றாகவே, ஆஸ்பத்திரித் திரை மாதிரி. கஞ்சிப் பலகை வெள்ளையாக இருந்தது. சிவப்பும் இல்லை, சூடும் இல்லை, வெறும் நல்ல வெள்ளை.

ஹாலின் பெரிய ஜன்னல் வடக்குப் பார்த்தது. ஜன்னலுக்கு எட்டடி தள்ளி வேப்பமரம். 2011 டிசம்பர் 30இல் வந்த ‘தானே’ புயலில் எங்கள் தெருவில் பெரிய மரங்கள் எல்லாம் சாய்ந்தபோது தப்பி நின்றது இது ஒன்றுதான், இதன் மேல் யாரையும் கை வைக்க விடமாட்டோம். ஹாலுக்குள் வருகிற வெளிச்சத்தில் முக்கால்வாசி இந்த மரத்தின் இலைகளில் பட்டு, வழியில் பச்சையை வாங்கிக்கொண்டுதான் உள்ளே வருகிறது. இத்தனை வருஷம் சுவரே இளம்பச்சையாக இருந்ததால் அது தெரியவே இல்லை. இப்போது அப்பா சொன்னது சரியாகக் காதில் விழுந்தது. சுண்ணாம்பின் பழுப்புக்கு எதிரி நீலம் என்றால், வேம்பின் பச்சைக்கு எதிரி சிவப்பு. கஞ்சியில் விழுந்த அந்த ஒரு துளி சிவப்பு எங்கள் ஹாலில் சிவப்பாகத் தெரியப்போவதில்லை, பச்சையோடு சேர்ந்து ஒழிந்துவிடும், வெள்ளை மட்டும் நிற்கும். அப்பாவின் சுவர் மாதிரி இருக்கிறது என்று நான் பிடித்துக்கொண்டிருந்த மோர், அப்பா என்ன செய்தாரோ அதற்கு நேர் எதிரான வேலையைச் செய்துகொண்டிருந்தது. அவர் இருந்து இந்த ஹாலுக்கு நிறம் கலக்கியிருந்தால் முடிச்சில் நீலத்தைக் கட்டியிருக்கமாட்டார், காவியில் ஒரு கிள்ளு கட்டியிருப்பார்.

அதே கணக்கில் பார்த்தால் அக்கா வீட்டுச் சிவப்புத் தரைக்கு மோர்தான் போட்டிருக்க வேண்டும். ஆனால் அவளுக்கு அந்தச் சிவந்த சாயங்காலம் பிடித்திருக்கிறது, அது அவள் வீடு, எனக்கும்கூட அது அங்கே அப்படி இருப்பதுதான் பிடிக்கிறது.

வடக்கு ஜன்னலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இணையத்தில் எங்கே தேடினாலும், வடக்கு வெளிச்சம் குளிர்ச்சியானது, நாள் முழுக்க மாறாதது, அதற்குச் சூடான நிறம் போடுங்கள் என்று ஒரே பாட்டு. அது மதியச் சூரியன் எப்போதும் தெற்கிலேயே நிற்கிற தேசங்களுக்கு எழுதியது. கடலூர் இருப்பது 11.7 டிகிரி அட்சத்தில். ஏப்ரல் 20 வாக்கில் உச்சிச் சூரியன் நமக்கு நேர் தலைக்கு மேல் வந்துவிடும், அதிலிருந்து ஆகஸ்ட் 20 வாக்கு வரை மதியச் சூரியன் நமக்கு வடக்கே நிற்கும். வைகாசி, ஆனியில் காலையிலும் சாயங்காலத்திலும் எங்கள் வடக்கு ஜன்னல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழுந்து எதிர்ச்சுவர் வரை போகிறது, மார்கழியில் ஒரு கீற்று கிடையாது. நான் பலகை வைத்துப் பார்த்தது வைகாசியில். அந்த மஞ்சள் வெயிலில் கஞ்சி ஆறு மணிக்குக் கொஞ்சம் பழுத்துத்தான் தெரிந்தது, அது என்னைப் பயமுறுத்தியது. மார்கழி வெளிச்சம் எப்படி இருக்கும் என்று பார்க்க, வானம் மூடிக்கிடந்த ஒரு நாள் வரும்வரை காத்திருந்தேன். பதினெட்டு நாளில் ஐந்தாறு நாள் மேகத்துக்காகக் காத்திருந்தவைதான்.

அப்புறம் ராத்திரி. ஹாலில் இருந்தது 6500 கெல்வின் டியூப், அட்டையில் கூல் டே லைட் என்று போட்டிருக்குமே, நம் ஊரில் பெரும்பாலான வீடுகளில் அதுதான். கெல்வின் எண் கூடினால் வெளிச்சம் நீலம் பக்கம் போகும், குறைந்தால் மஞ்சள் பக்கம். அதன் கீழே மோர் நீலம் பாரித்தது, கஞ்சி சாம்பல் பூத்தது, இரண்டுமே சோகையாக இருந்தன. 3000 கெல்வின் வாங்கி மாட்டினால் இரண்டும் ஒரே மஞ்சள். கடைசியில் 4000 கெல்வினில்தான் கஞ்சி பகலில் இருந்த மாதிரியே நின்றது. பெயிண்டுக்கு முன்னால் விளக்கை முடிவு செய்ய வேண்டும், நான் பின்னால் செய்தேன், அதனால் மூன்று நாள் வீண்.

அம்மாவைக் கேட்கவில்லையா என்றால், கேட்டேன், ஆனால் சரியாகக் கேட்கவில்லை. அவளுக்கு அந்த மாசி மாதம்தான் தவளக்குப்பம் அரவிந்த் கண் மருத்துவமனையில் வலது கண்ணுக்குப் புரை எடுத்திருந்தது. இடது கண் ஆவணியில் எடுப்பதாக இருந்தது. ஆபரேஷன் முடிந்து கட்டு அவிழ்த்த அன்று அவள் தன் புடவையையே தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், "இது இவ்ளோ நீலமாடி? நான் கருப்புன்னு நெனச்சி வாங்கினேன்" என்றாள். வயதாக ஆகக் கண்ணின் லென்ஸ் பழுத்து மஞ்சள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும், நீலத்தை உள்ளே விடாது. அதை எடுத்து வேறு லென்ஸ் வைத்ததும் உலகம் திடீரென்று நீலமாகவும் வெள்ளையாகவும் தெரியும். அப்போது எங்கள் வீட்டில் ஒரு கண் பழசும் ஒரு கண் புதுசுமாக இருந்த ஒரே ஆள் அம்மாதான். நிறத்தைச் சொல்ல அவளைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டார்கள் என்று எனக்குப் பதினெட்டாம் நாள்தான் உறைத்தது.

அவளுடைய நாற்காலியில் அவளை உட்காரவைத்து, அவள் எப்போதும் பார்க்கிற எதிர்ச்சுவரில் இரண்டு பலகையையும் சாய்த்துவைத்தேன். நாலரை மணி, காபி குடித்துவிட்டு உட்காரும் நேரம். முதலில் வலது கண்ணைக் கையால் மூடி இடது கண்ணால் பார்த்தாள். "ரெண்டும் பழைய நியூஸ்பேப்பர்." அப்புறம் கையை மாற்றினாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "மோர் கூசுது. சுத்தமாத்தான் இருக்கு, ஆனா கூசுது. கஞ்சியில கண்ணு நிக்குது."

அவள் சொன்னதற்கும் கணக்கு இருந்தது. கார்டுக்குப் பின்னால் எல்.ஆர்.வி என்று ஒரு எண் போட்டிருந்தது. விழுகிற வெளிச்சத்தில் சுவர் எவ்வளவைத் திருப்பி அனுப்பும் என்கிற எண், முழுக் கருப்புக்கு 0, முழு வெள்ளைக்கு 100. மோருக்கு 83, கஞ்சிக்கு 76. ஏழு எண் வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை, புது லென்ஸ் வைத்த கண்ணுக்குத் தெரிந்தது. ஆவணிக்குப் பிறகு இரண்டு கண்ணும் அப்படித்தான் இருக்கப்போகிறது. அன்று ராத்திரியே மேஸ்திரிக்கு போன் செய்து கஞ்சி என்று சொன்னேன்.

வேலையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பழையதைச் சுரண்டி, பட்டி பார்த்து, உப்புத்தாள் போட்டு, பிரைமர், இரண்டு கோட், ஐந்து நாள். பளபளப்பு வேண்டாம் என்று மேட் ஃபினிஷ் கேட்டு வாங்கினேன், வைகாசியின் சாய்வெயிலில் பளபளப்பான சுவர் பட்டியின் மேடுபள்ளம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுக்கும். ஒரே ஒரு இடறல். கடைசிச் சுவருக்கு ஒரு லிட்டர் குறைந்தது. எங்கள் கடை அன்று மூடியிருந்ததால் வேறொரு கடையில் அதே நம்பர் சொல்லிக் கலக்கி வாங்கிவந்தோம். சுவரின் நடுவில் அடித்தபோது ஒட்டுப்போட்ட வேட்டி மாதிரி தெரிந்தது. வெளிர் நிறத்தில் துளிக்கு அரைத் துளி கூடினாலும் இப்படித்தான். மேஸ்திரி அந்தச் சுவரை மட்டும் மூலையிலிருந்து மூலை வரை புது டப்பாவிலேயே அடித்து முடித்தார், மூலையில் வெளிச்சம் எப்படியும் மாறுவதால் அங்கே மாற்றம் தெரியாது. வாங்கும்போதே முழுசாக வாங்கி, எல்லா வாளியையும் ஒரு டிரம்மில் ஊற்றிக் கலந்துகொண்டிருந்தால் இது வந்திருக்காது.

ஆவணியில் அம்மாவுக்கு இடது கண்ணும் ஆனது. மார்கழி வந்தது, நான் பயந்த மாதிரி சுவர் சாம்பல் பூக்கவில்லை. அப்பா போட்டோவைத் திரும்ப மாட்டும்போதுகூட, இந்தச் சுவர் அவர் அடித்த சுவர் மாதிரிதான் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது.

போன மாசி கடைசியில் ஒரு நாள் காலை அம்மா நாற்காலியில் இருந்தபடியே கூப்பிட்டாள். "சுவரைப் பாரு, செவந்திருக்கு." எனக்கு முதலில் தெரியவில்லை, பக்கத்தில் போய் ஏ4 தாள் ஒன்றை வைத்துப் பார்த்தேன். ஆமாம், அக்கா வீட்டு நாலு மணி மாதிரி, லேசாக. பெயிண்ட் மாறிவிட்டதோ என்று எனக்குப் பக்கென்றது. அம்மா ஜன்னலைக் காட்டினாள். வேம்பு இலையெல்லாம் கொட்டி நின்றது, வாசல் முழுக்க மஞ்சள் சருகு. கிளை நுனிகளில் மட்டும் செம்பு நிறத்தில் பொடித் தளிர்.

"பதினஞ்சு நாள் பொறு," என்றாள், "தளிர் பச்சையாகட்டும்."